குரல் வடிவாத்தான் இருக்கு, ரேடியோ எங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட தொழில்நுட்பப் பக்கத்தில பிளைட் சிமுலேட்டரைப் பற்றி, அதுதான் கொம்பியூட்டரில பிளேன் ஓட்டுற விளையாட்டு, வந்த கட்டுரையை வாசிச்சன். இப்ப வந்திருக்கிற ஏஐ குரலுகள் மனிசர் கதைக்கிற மாதிரியே இருக்கு, இந்தியக் குரல், இங்கிலாந்துக் குரல் எண்டு விதம் விதமா வருது, இனி வீட்டு மேசையில இருந்துகொண்டே உண்மையான ரவரோட கதைக்கிற அனுபவம்தான் எண்டு எழுதினவர் முடிச்சிருந்தார். கட்டுரை நல்லாத்தான் இருந்தது, படமும் வடிவு, ஆனா அந்தக் கடைசி வசனத்தை மட்டும் என்னால விழுங்கேலாமல் கிடக்கு. அதுக்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், வெட்டுறதெண்டா தொடக்கத்தில வெட்டுங்கோ, நடுவில கை வைக்காதேங்கோ.

நான் பைலட் இல்லை. ஸ்ரான்லி வீதியில கனகாலம் ரேடியோவும் அம்பிளிபயரும் திருத்தினனான், இப்ப கடையைப் பூட்டிப்போட்டு வீட்டில இருக்கிறன். அக்காட பெடியன் ஏ.எல். சோதினை எழுதிப்போட்டு ரிசல்ட் வரும்வரைக்கும் என்ர வீட்டு முன்னறையில கொம்பியூட்டரை வச்சுக்கொண்டு இரவு பகலாப் பறக்கிறான், கரண்ட் பில் என்ர தலையில. அவன் பறக்கிறதில எனக்குப் பெரிய அக்கறை இல்லை, மேகம் வடிவா இருக்கு, பலாலி ரன்வே தெரியுது, கடலும் நீலமா இருக்கு, மேல இருந்து பாக்கேக்க எங்கட தாய்வழிக் காணி கிடக்கிற பக்கமும் தெரியுது, நேரில போய்ப் பாக்கிறதுதான் கஷ்டம், அது வேற கடிதம். நான் காது குடுக்கிறது அந்த ரேடியோவுக்கு. தொழில் பழக்கம்.

சிமுலேட்டருக்குள்ள ஏ.ரி.சி., அதுதான் ரவரில இருந்து பிளேன்களுக்கு வழி சொல்லுற கொன்ரோலர்மாரின்ர வேலை, வந்தது இண்டைக்கு நேற்றில்லை. மைக்ரோசொஃப்ட்காரர் 2002 பதிப்பிலயே அதைக் கொண்டுவந்திட்டினம், மூலையில ஒரு பெட்டி திறக்கும், அதில 1, 2, 3 எண்டு போட்டு நீங்கள் என்ன சொல்லலாம் எண்டு இருக்கும், நம்பரை அமத்தினா உங்களுக்குப் பதிலா ஒரு குரல் கதைக்கும். 2020இல வந்த பதிப்பில பூமி முழுக்க சற்றலைட் படம், உண்மையான காலநிலை, குரலுக்கு இன்ரநெற் வழியா மைக்ரோசொஃப்டின்ர அசூர் சேவை எண்டு எல்லாத்தையும் மாத்திப்போட்டினம். அந்தப் பெட்டி மட்டும் அப்பிடியே கிடக்கு. பழைய வீட்டுக்குப் புதுப் பெயின்ற் அடிச்ச கணக்குத்தான்.

சரி, ஒரு பறப்பைச் சொல்லுறன், அப்பத்தான் விளங்கும். மருமகன் சென்னையில இருந்து பலாலிக்கு ஏ.ரி.ஆர். 72 எடுத்துக்கொண்டு வாறான், இப்ப உண்மையாவே இஞ்ச வந்து போற அதே வகைப் பிளேன்தான். 16,000 அடியில வாறான் எண்டு வையுங்கோ. இறங்குறதுக்கு பைலட்மார் ஒரு வாய்ப்பாடு வச்சிருக்கினம், ஆயிரம் அடி இறங்க மூண்டு கடல்மைல் வேணும், அப்ப 16,000 அடிக்கு ஒரு 50 கடல்மைல் தேவை, அதாவது நாகபட்டினத்துக்கு நேர கழிஞ்ச கையோட இறங்கத் தொடங்கினாத்தான் பலாலியில ஒழுங்கா வந்து விழலாம். உண்மையான கொன்ரோலர் எண்டா இது அவருக்குத் தெரியும், அவரே கூப்பிட்டு இறங்கச் சொல்லுவார், இல்லாட்டி பைலட் கேக்கிறதுக்கு முதலே எதிர்பார்த்துக்கொண்டு இருப்பார். சிமுலேட்டர்க்காரி, அதுதான் அதுக்குள்ள கொன்ரோலராக் கதைக்கிற அந்தக் குரல், பேசாமல் இருக்கிறா. நாகபட்டினம் போச்சு, கோடிக்கரை போச்சு, பாக்குநீரிணை பாதி தாண்டியாச்சு, காங்கேசன்துறை கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரியுது, பிளேன் இன்னும் 16,000இல நிக்குது. பேந்து திடீரெண்டு முழிச்சு, கெதியா இறங்கு, கெதியா இறங்கு எண்டு விடாமல் கத்துறா. அந்தக் கத்தல் எவ்வளவு வடிவான குரலில வந்தா என்ன? ஏறேக்கயும் இதே கதைதான், கனமான பிளேன் தன்ர பாட்டில ஏறிக்கொண்டு இருக்க, கெதியா ஏறு எண்டு நச்சரிக்கும். மலை இருக்கிற நாடுகளில எண்டா மலைக்குள்ளயே இறங்கச் சொன்ன கதையெல்லாம் சிமுலேட்டர் ஆக்களிட்ட கேளுங்கோ, இரவிரவாச் சொல்லுவினம்.

ஆனா என்ர முறைப்பாடு அதில்லை, கணக்குப் பிழையை ஆரும் புரோகிராமர் ஒரு நாளைக்குத் திருத்துவார். அந்த ஒண்டாம் நம்பர் பட்டன்தான் என்ர முறைப்பாடு.

ரேடியோவில கொன்ரோலர் உயரம் சொன்னா, பாதை சொன்னா, எந்த ரன்வே எண்டு சொன்னா, பைலட் அதை அப்பிடியே திருப்பிச் சொல்ல வேணும், அதுக்குப் பேர் ரீட்பேக். அதோட வேலை முடியேல்ல, திருப்பிச் சொன்னது சரியோ எண்டு கொன்ரோலரும் காது குடுத்துக் கேக்க வேணும், பிழையெண்டா உடன மறிக்க வேணும். ஒராள் சொல்லி மற்றாள் கேட்டு, கேட்டவர் திருப்பிச் சொல்லி முதல் ஆள் கேட்டு, அப்பதான் சங்கிலி பூட்டுது. சிமுலேட்டரில மருமகன் என்ன செய்யிறான்? கொன்ரோலர் கதைக்கேக்க அவன் ஒரு கையில பிஸ்கட், மற்றக் கையில போன், கதை முடிஞ்ச சத்தம் கேட்டவுடன ஒண்டை அமத்திறான், அவன்ர பேரில ஒரு குரல் ஒரு எழுத்துப் பிசகாமல் எல்லாத்தையும் திருப்பிச் சொல்லுது. ஒருக்கா மறிச்சு, இப்ப என்ன உயரம் தந்தவ எண்டு கேட்டன். தெரியேல்ல மாமா, மேல எழுத்தில இருக்கும் பாருங்கோ எண்டான். அதையும் செய்யப் பஞ்சியெண்டா ரேடியோவை கோபைலட்டிட்ட குடுத்துவிடலாம், அவர் எல்லாத்துக்கும் தானே பதில் சொல்லிக்கொண்டு இருப்பார், நீங்கள் யன்னலால மேகம் பாக்கலாம்.

இது விளையாட்டுத்தானே, இதில என்ன எண்டு கேப்பியள். வாய் ஒராளுடையது, கை இன்னொராளுடையது எண்டு ஆகிற இடம் எவ்வளவு பொல்லாத இடம் எண்டதுக்கு எங்கட பக்கத்து நாட்டிலயே சாட்சி இருக்கு. 1996 நவம்பர் 12ஆம் திகதி டில்லிக்குக் கிட்ட சர்க்கி தாத்ரியில ரெண்டு பிளேன் ஆகாயத்தில மோதினது, சவூதிக்காரரின்ர 747 ஒண்டு ஏறிக்கொண்டு போகுது, கசகஸ்தான்காரரின்ர இல்யூசின் 76 இறங்கிக்கொண்டு வருகுது. ஏறினவருக்கு 14,000 அடி, இறங்கினவருக்கு 15,000 அடி எண்டு கொன்ரோலர் பிரிச்சுத்தான் குடுத்தவர், எதிர்ல ஆள் வருகுது எண்டும் சொன்னவர். கசகஸ்தான் பிளேனில இங்கிலீஸ் கதைக்கிறதுக்கெண்டு தனியா ஒரு ரேடியோ ஒப்பரேற்றர் இருந்தவர், அவருக்கு முன்னால சொந்தமா உயரம் காட்டுற மீற்றர் இல்லை, பைலட்மாரின்ர தோளுக்கு மேலால எட்டிப் பாக்க வேணும். கதைச்சவர் ஒருத்தர், பிளேனைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர் வேறொருத்தர். பிளேன் 15,000ஐத் தாண்டி இறங்கிச்சுது. 349 பேர், ரெண்டு பிளேனிலயும் ஒருத்தரும் மிஞ்சேல்ல. அதுக்குப் பிறகுதான் இந்தியாவில ரீகாஸ், அதுதான் மற்றப் பிளேன் கிட்ட வந்தா பைலட்டை எச்சரிக்கிற கருவி, கட்டாயமாச்சு. வேற காரணங்களும் இருந்தது, டில்லி ராடர் அந்த நேரம் உயரம் காட்டாத பழைய ராடர், எல்லாம் உண்மை. ஆனா எங்கட பிள்ளையள் ஒண்டை அமத்தி அமத்திப் பழகிறது என்னத்தை எண்டு யோசிச்சுப் பாருங்கோ, காதால வாறது கைக்குப் போகாமலே வாய் சரியாச் சொல்லுற பழக்கத்தைத்தானே.

இனி என்ர துறைக்கு வாறன். பிளேனில பாவிக்கிற ரேடியோ வி.எச்.எப்., 118இல இருந்து 137 மெகாஹேர்ட்ஸுக்குக் கொஞ்சம் குறைய வரைக்கும், ஆனா எப்.எம். இல்லை, ஏ.எம்.! ரெண்டும் குரலை ரேடியோ அலையில ஏத்துற முறையள், மற்றக் கனபேர் புதுசான எப்.எம்.முக்கு மாறினபிறகும் இவை பழைய ஏ.எம்.மிலயே நிக்கினம். பழசு பழசு எண்டு சிரிக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன், எப்.எம்.மில ரெண்டு பேர் ஒரே நேரம் கதைச்சா பலமான சிக்னல் மற்றதை விழுங்கிப்போடும், விழுங்கினது கூடத் தெரியாது. ஏ.எம்.மில ரெண்டும் மோதும், குரலைச் சுமந்து வாற ரெண்டு அலைக்கும் (கேரியர் எண்டுவம்) இடையில இருக்கிற சின்ன வித்தியாசம் விசிலாக் கேக்கும், அப்ப ஆரோ ஒராளின்ர கதை அடிபட்டுப் போச்சு எண்டாவது தெரியும். தொண்ணூறுகளில கரண்ட் இல்லாத காலத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்தி பிபிசி கேட்ட ஆக்களுக்கு அந்த விசிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, மீற்றரைத் திருப்பித் திருப்பி அதைக் கலைக்கிறதே ஒரு வேலையா இருந்தது.

அந்த விசில் 1977 மார்ச் 27ஆம் திகதி ஸ்பெயின்காரரின்ர தெனரீஃப் தீவில கேட்டது. மூடுபனி, ஒரே ரன்வேயில ரெண்டு 747, ஒண்டு நெதர்லாந்துக்காரரின்ர கே.எல்.எம்., ஓடத் தொடங்கிட்டுது, மற்றது அமெரிக்கக்காரரின்ர பான் ஆம், அதே ரன்வேயில எதிர்ப்பக்கமா உருண்டுகொண்டு வருகுது. ரவரில இருந்தவர் முதலில ஓகே எண்டார், ஒரு சின்ன இடைவெளி, பிறகு புறப்படப் பொறுத்து நில், நான் கூப்பிடுறன் எண்டு சொல்லுறார், அதே நேரம் பான் ஆம்காரர் நாங்கள் இன்னும் ரன்வேயிலதான் நிக்கிறம் எண்டு சொல்லுறார். ரெண்டும் மோதி கே.எல்.எம். கொக்பிட்டில சில செக்கன் கீச்செண்ட சத்தம் மட்டும். ரெண்டில ஒண்டு வடிவாக் கேட்டிருந்தாலும் கதை வேற. 583 பேர் செத்தது, விமான விபத்துகளில இண்டைக்கும் அதைவிடப் பெரிசு இல்லை. அந்தக் கொன்ரோலருக்குக் குரல் வளம் காணாமல் நடந்ததில்லை, ஐயா. ஒரே வாய்க்கால், அதுக்குள்ள ஒரு நேரத்தில ஒராள்தான் கதைக்கலாம், எல்லாச் சிக்கலும் அதிலதான்.

சிமுலேட்டரில அந்த வாய்க்கால் எங்க? நீங்கள் கதைக்க நினைச்ச நேரம் எப்பவும் காலியாத்தான் இருக்கும். கொன்ரோலர் உங்களுக்காகவே காத்துக்கொண்டு இருக்கிறா. மற்றப் பிளேன்கள் அங்கொண்டு இஞ்சொண்டு கதைக்கும்தான், ஆனா அது பின்னணிச் சத்தம் மாதிரி, அதைக் கேட்டு உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. உண்மையில மற்றவரின்ர கதையைக் கேக்கிறதுதான் பைலட்டுக்குப் பாதிக் கண். முன்னால போனவர் காத்து ஆட்டுது எண்டு சொல்லுறார், இன்னொருத்தருக்கு இன்னும் ஆறு மைல் சுத்தச் சொல்லுறாங்கள், அப்ப எனக்கும் அதுதான் வரப்போகுது எண்டு ஆறுதலா வேகத்தைக் குறைக்கிறார். பேர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு பிளேன் ஒரே அலைவரிசையில நிண்டா ஒருத்தருக்குச் சொன்னதை மற்றவர் எடுத்துப்போடுவார் எண்ட பயம் வேற. இதொண்டும் சிமுலேட்டர்க்காரிக்கு இல்லை.

தூரக் கணக்கும் அப்பிடித்தான். வி.எச்.எப். நேர்கோட்டில போற சாமான், பூமியின்ர வளைவு மறைச்சுப்போடும். அடிக்கணக்கில உயரத்தை எடுத்து அதின்ர வர்க்கமூலத்தை 1.23ஆல பெருக்கினா எத்தினை கடல்மைலுக்குக் கேக்கும் எண்டு ஏகதேசமா வரும், 10,000 அடியில 123, 35,000 அடியில ஒரு 230. கொழும்புக்குத் தெற்கால இந்து சமுத்திரத்துக்கு மேல பறக்கேக்க அதுக்கும் அங்கால போயிடுவீங்கள், அங்க தூரத்துக்குப் போற சிற்றலை எச்.எப். தான், கொரகொரவெண்டு இரைச்சலுக்குள்ள, இல்லாட்டி இப்ப எஸ்.எம்.எஸ். மாதிரி எழுத்தில அனுப்புற முறை. மருமகன் மாலைதீவு தாண்டி நடுச் சமுத்திரத்தில நிண்டுகொண்டு கதைக்கிறான், அங்கால இருந்து பதில் பக்கத்து அறையில இருந்து கதைக்கிற மாதிரித் தெளிவா வருகுது! ரேடியோ திருத்தினவனுக்கு வயிறு எரியாதோ சொல்லுங்கோ.

அமெரிக்கப் பழக்கத்தை உலகம் முழுக்கத் திணிக்கிறது இன்னொண்டு, அதை நீட்டேல்ல. அமெரிக்காவில முன்னால ஒராள் இறங்கிக்கொண்டு இருக்கேக்கயே பின்னால வாறவருக்கு, நீ ரெண்டாவது, இறங்கலாம் எண்டு அனுமதி குடுத்துப்போடுவினம், மற்றக் கன நாடுகளில ரன்வே காலியானபிறகுதான் குடுப்பினம். சிமுலேட்டருக்கு சிக்காகோவும் கட்டுநாயக்காவும் ஒண்டுதான்.

இப்ப உங்கட கட்டுரையில சொன்ன புதுச் சொஃப்ட்வெயருகளுக்கு வாறன், பியோண்ட் ஏ.ரி.சி., சே இன்ரென்சன்ஸ் எண்டு பேர். நியாயத்தைச் சொல்ல வேணும், இவை பட்டனை எடுத்துப்போட்டினம். மைக்கில நீங்களே கதைக்க வேணும், நீங்கள் சொன்னதை அது விளங்கிக்கொண்டு பதில் சொல்லும், பிழையாத் திருப்பிச் சொன்னா திருத்தவும் பாக்கும். மருமகன் ஓசிக்கு ஒருக்கா போட்டுப் பாத்தவன், அண்டைக்குத்தான் முதல் தரம் பேனையும் கொப்பியும் எடுத்து வச்சுக்கொண்டு பறந்ததை நான் கண்டது, பிஸ்கட் அங்கால போட்டுது. அதை ஏன் கட்டுரையில பெரிசா எழுதேல்ல, குரலைப் பற்றியே எழுதினவர் எண்டதுதான் என்ர ஆதங்கம். ஆனா இதிலயும் ஒரு குறை இருக்கு. அந்தக் கொன்ரோலருக்கு அலுப்பு வராது, அவசரம் வராது, இன்னும் பதினைஞ்சு பேரை ஒரே நேரம் பாக்கிற நெருக்கடி இல்லை, நீங்கள் நாலு தரம் தடுமாறினாலும் ஐந்தாந்தரமும் அதே பதமாப் பதில் சொல்லும். நியூயோர்க் கென்னடியில கிரவுண்ட் கொன்ரோலர் கதைக்கிறதை லைவ் ஏ.ரி.சி. எண்ட இணையத்தில போய்க் கேட்டுப் பாருங்கோ, மூச்சு விட நேரமில்லாமல் அடுக்கிக்கொண்டு போவார், ஒராள் தடுமாறினா அவரை ஓரமா நிக்கவிட்டிட்டு அடுத்தவருக்குப் போயிடுவார், பேந்து அவர் எப்ப திரும்பி வருவாரோ தெரியாது.

அந்த நெருக்கடி வேணுமெண்டா மனிசர் வேணும். அது இருக்கு, அதுவும் காசில்லாமல். வாட்சிம் எண்டு ஒண்டு 2001இல தொடங்கினது, அதுக்கு முதலே 1998இல இருந்து ஐவாவோ எண்டு இன்னொண்டு. சிமுலேட்டரில பறக்கிற ஆக்களும், வீட்டில ராடர் திரையை வச்சுக்கொண்டு கொன்ரோலரா இருக்கிற ஆக்களும் இன்ரநெற்றில ஒண்டாச் சேருற இடம். கொன்ரோலராகிறதுக்குப் பயிற்சியும் சோதினையும் இருக்கு, சும்மா வந்து குந்தேலாது. வாட்சிமில 2019இல குரல் முறையை மாத்தினபிறகு உயரத்துக்குத் தக்க மாதிரித்தான் தூரமும் கேக்கும், நான் மேல சொன்ன கணக்குக்குக் கிட்ட. மைக் இல்லாதவர் எழுத்தில கேக்கலாம்.

மருமகன் ஒரு பின்னேரம் லண்டன் ஹீத்ரோவில இருந்து வெளிக்கிட நிண்டான், அண்டைக்குச் சனம் எக்கச்சக்கம். புறப்பட அனுமதி கேக்க வேணும், கதைக்கிற பட்டனில விரலை வச்சுக்கொண்டு இருக்கிறான், ஒராள் முடிக்க இன்னொராள் தொடங்கிறார், இவன் வாயைத் திறக்க ஆரோ ஒரு ஜேர்மன்காரர் குறுக்க விழுகிறார், திரும்ப மூடுறான். கடைசியா ஒரு இடைவெளி கிடைச்சுது, கேட்டான். அங்கால ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர குரல், மணிமணியா அனுமதியைச் சொல்லிக் கடைசியில ஸ்குவோக் நம்பர், அதுதான் ராடரில பிளேனை அடையாளம் காட்டுற நம்பர், 2264 எண்டா. இவன் திருப்பிச் சொல்லேக்க 2284 எண்டு சொல்லிப்போட்டான். அவ உடன இல்லை எண்டு மறிச்சு நம்பரைத் திரும்ப ஒவ்வொண்டாச் சொன்னா, குரலில கோவமும் இல்லை, குழைவும் இல்லை. நான் பின்னால நிண்டு சிரிச்சன், ஏனெண்டா ஸ்குவோக் நம்பரில 8 வரவே வராது, அந்தக் கருவி 0இல இருந்து 7 வரைக்கும்தான் எண்ணும், நாலு இலக்கத்தில மொத்தம் 4096 நம்பர். மருமகனுக்குக் காது சிவந்துபோச்சு. அதுக்குப் பிறகு அவன் நம்பர் வரேக்க எழுதாமல் விட்டதில்லை. குரல் வடிவா இருந்ததெண்டு அவன் சொல்லவும் இல்லை, அதைக் கவனிக்க அவனுக்கு எங்க நேரம்!

இதிலயும் குறை இல்லையெண்டில்லை. ஐரோப்பாப் பக்கம் பொழுதுபட்டாத்தான் ஆக்கள் வருவினம், எங்கட பக்கத்தில கன நேரம் ஒரு கொன்ரோலரும் இருக்கமாட்டினம், அப்ப 122.8 எண்ட பொது அலைவரிசையில நாங்களே எங்கட பாட்டில நான் இஞ்ச நிக்கிறன், நான் இறங்கப்போறன் எண்டு காத்துக்குச் சொல்லிக்கொண்டு இருக்க வேணும். யாழ்ப்பாணத்தில இருந்து நாலு பெடியள், பெட்டையள் படிச்சுக் கொழும்புப் பக்கத்துக்குக் கொன்ரோலரா வந்தா எப்பிடி இருக்கும் எண்டு நான் மருமகனைக் கேட்டன், முதலில ரிசல்ட் வரட்டும் மாமா எண்டான்.

இதெல்லாம் ஏன் பத்திரிகைக்கு எழுதிறன் எண்டால், அதே ஞாயிறு உங்கட பேப்பருக்குள்ள மடிச்சு வச்சு ஒரு துண்டுப் பிரசுரமும் வந்தது. ஆற்றை எண்டு எழுதேல்ல, அது தேவையுமில்லை. சிமுலேட்டரில ஏ.ரி.சி. கதைக்கிற பயிற்சி, முடிவில சான்றிதழ், வெளிநாட்டு உச்சரிப்பும் பழக்குவினமாம், எயார்போட்டில வேலைக்கு உதவுமாம். எங்கட தெருவில ஒரு பிள்ளை போகுது, விசாரிச்சுப் பாத்தன், ஒண்டாம் நம்பரை அமத்திறதும் திரையில வாற எழுத்தை வெள்ளைக்காரர் மாதிரி வாசிக்கிறதும்தான் பயிற்சி. அந்தப் பிள்ளையின்ர தாய் நகையை அடைவு வச்சுக் கட்டியிருக்கிறா.

தாய் தகப்பன்மார் தெரிஞ்சுகொள்ள வேண்டியது இதுதான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, ஐகாவோ எண்டுவினம், பைலட்டுக்கும் கொன்ரோலருக்கும் இங்கிலீஸுக்கு ஆறு படி வச்சிருக்கு, வெளிநாட்டுப் பறப்புகளுக்குக் குறைஞ்சது நாலாம் படி வேணும், நாலாம் படி எண்டா மூண்டு வருசத்துக்கு ஒருக்கா திரும்பச் சோதிப்பினம், அஞ்செண்டா ஆறு வருசம், ஆறெண்டா பிறகு இல்லை. ஆறு விசயம் பாப்பினம், உச்சரிப்பு, வசன அமைப்பு, சொல் வளம், தடங்கலில்லாத கதை, கேட்டு விளங்கிறது, மற்ற ஆளோட ஊடாடுறது. நாலாம் படிக்காரருக்குத் தாய்மொழிச் சாயல் இருக்கலாம், அது இடைக்கிடை மட்டும் விளங்கிறதுக்கு இடைஞ்சலா இருந்தாக் காணும் எண்டுதான் எழுதியிருக்கு. எங்கட யாழ்ப்பாண இங்கிலீஸ் இருந்திட்டுப் போகட்டும், ஒருத்தரும் மறிக்கேல்ல. மறிக்கிறது காது. விளங்காட்டி விளங்கேல்ல, திரும்பச் சொல்லுங்கோ எண்டு கேக்கிற துணிவு. எங்கட பிள்ளையள் ரியூசனிலயே கேள்வி கேக்கக் கூச்சப்படுகுதுகள், அதை விட்டிட்டு மூக்கால கதைக்கப் பழக்கினா என்ன பலன். இலங்கையில கொன்ரோலராகிறதெண்டா விமான நிலைய நிறுவனம் ஆக்களை எடுத்துத்தான் பயிற்சி குடுக்கிறது, லைசன்ஸ் குடுக்கிறது சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை, மூலைக் கடையில அச்சடிச்ச சான்றிதழை அங்க ஒருத்தரும் கேக்கப்போறதில்லை.

ஆகையால ரெண்டு கேள்வி, ஐயா. ஒண்டு, துண்டுப் பிரசுரம் செருகிறதுக்கு முதல் அதில என்ன இருக்கெண்டு ஒருக்கா வாசிப்பியளோ? மற்றது, அந்தக் கட்டுரை எழுதின தம்பிக்கு இன்னொரு ஞாயிறு இடம் குடுங்கோ, இந்த முறை வாட்சிமில ஐவாவோவில எப்பிடிச் சேருறது, என்ன ஹெட்செற் காணும், எந்த நேரத்தில எந்த ஊரில கொன்ரோலர் இருப்பினம் எண்டு பிள்ளையளுக்கு விளங்கிற மாதிரி எழுதட்டும். வாட்சிமில சேர 13 வயசு காணும், எங்கட பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குச் சரியான வயசு. பழைய ஹெட்செற் வயர் அறுந்தது, மைக் வேலை செய்யாதது கிடந்தா என்னட்டைக் கொண்டுவரட்டும், சோல்டரிங் அயன் இன்னும் இருக்கு, காசு வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய ரேடியோ திருத்துநர்,
யாழ்ப்பாணம்.